திருகோணமலை வெக்கையில் பை சுட: முதலில் கொழுப்பு, அடுத்து அடுப்பு, கடைசியில்தான் பழம்

வீட்டாருக்குப் பழைய மாதிரி ஒரு பை (pie) சுட வேண்டும் என்றதும் எல்லோரும் யோசிப்பது பழத்தைப் பற்றித்தான். மாங்காயா, அப்பிளா, அன்னாசியா? திருகோணமலையில் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. இங்கே பை சரிவருவதும் பிசகுவதும் முதலில் கொழுப்பின் கையில், அடுத்தது அடுப்பின் கையில். பழம் எப்படியும் ருசிக்கும். அடியில் மா பச்சையாக நின்றுவிட்டால் எந்தப் பழம் போட்டும் பலனில்லை.

பை குளிர்நாட்டுப் பண்டம். கோதுமை மாவுக்குள் கெட்டிக் கொழுப்பைச் சிறு துண்டுகளாக விட்டு, மிகக் குறைந்த தண்ணீரில் திரட்டி, தட்டில் விரித்து, பழம் நிரப்பி, மேலே இன்னொரு விரிப்பால் மூடிச் சுடுவார்கள். ஓவன் சூட்டில் கொழுப்புத் துண்டுகள் உருகும்போது அவை இருந்த இடத்தில் இடைவெளி விழும். பட்டருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அந்த இடைவெளியைத் தூக்கிப் பிடிக்கும். ஓடு, அதாவது பழத்தை மூடியிருக்கும் மா விரிப்பு, இதழ் இதழாகப் பிரிவது அதனால்தான். ஓவனுக்குப் போகுமுன்பே கொழுப்பு உருகினால் மா அதைக் குடித்துவிடும். பிறகு இதழ் வராது, எண்ணெய் கசிந்த தட்டையான ஓடுதான் வரும்.

பட்டர் 20 பாகையைத் தாண்டினால் இளகும், 32 முதல் 35 பாகைக்குள் முழுதாக உருகிவிடும். சமையல் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருப்பது அந்த 20 பாகையைத்தான். கச்சான் காற்று வீசும் மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே பகலில் 33, 34 பாகை சாதாரணம். குசினியில் அடுப்பும் எரிந்தால் இன்னும் கூடும். மாரியில் வெக்கை கொஞ்சம் தணிந்தாலும் காற்றில் ஈரம் ஏறிவிடும். ஆகவே குறிப்பில் உள்ளபடி மேசையில் வைத்து நிதானமாக மா உருட்டும் வேலை இந்த ஊரில் நடக்காது. ஒன்று, எல்லாவற்றையும் குளிர வைத்து வேகமாகச் செய்ய வேண்டும். இல்லையென்றால் குளிரே தேவைப்படாத ஓட்டைத் தெரிவுசெய்ய வேண்டும்.

எந்தக் கொழுப்பு

ருசி என்று பார்த்தால் பட்டருக்கு ஈடில்லை. விலையும் அதற்குத்தான் கூட. 23 சென்ரிமீற்றர் (9 அங்குலம்) தட்டில் அடியும் மேலும் மூடிய ஒரு பைக்குக் கோதுமை மா 300 கிராம், பட்டர் 200 கிராம், உப்பு 1 தேக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 6 முதல் 7 மேசைக்கரண்டி வேண்டும். உப்புப் பட்டர் என்றால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரோடு சேர்த்தால் மா உருட்டும்போது அவ்வளவாக இழுபடாது.

வெக்கையில் பட்டரைக் கையாளுவதற்கு ஒரு வழி உண்டு, பலர் அதில் பாதியைத்தான் செய்கிறார்கள். பட்டரை மட்டும் குளிரவைத்தால் போதாது. அலுமாரியிலிருந்து எடுத்த மாவே 30 பாகையில் இருக்கும். அதற்குள் போட்ட பட்டர் சில நிமிடங்களில் இளகிவிடும். அளந்த மா, கிண்ணம், 1 சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டிய பட்டர் மூன்றையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து, பெரிய துண்டுகள் கடலையளவும் சிறியவை பயறளவும் ஆனதும் நிறுத்துங்கள். உள்ளங்கை சூடு, அது மாவில் படக்கூடாது. தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து முள்ளுக்கரண்டியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தும்போது உதிராமல் நின்றால் போதும். ரொட்டிக்கும் பராட்டாவுக்கும் குழைத்துப் பழகிய கை இங்கே அடங்கியிருக்க வேண்டும். மினுமினுப்பாக வரும்வரை குழைத்தால் பட்டரும் உருகும், மாவில் இழுவையும் ஏறி ஓடு தோல்போல் கடினமாகும்.

பிறகு இரண்டு வட்டாகத் தட்டி, கீழுக்குக் கொஞ்சம் பெரிதாக வைத்து, பொலித்தீனில் சுற்றி ஒரு மணி நேரமாவது பிரிட்ஜில் வைக்க வேண்டும். உருட்ட மரக்கட்டைக்குப் பதிலாக ஐஸ் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தல் இந்த ஊருக்குப் பொருத்தம். வெளியே வியர்க்கும், அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீற்றர் தடிப்பு. நடுவில் மா பளபளத்து ஒட்டத் தொடங்கினால் மேலும் மா தூவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், தட்டோடு தூக்கிப் பத்து நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். இந்த வேலையெல்லாம் விடிகாலை ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்கினால் பாதி கஷ்டம் குறையும். பத்து மணிக்குப் பிறகு பட்டர் ஓடு உருட்டுவதைப் புதிதாகச் செய்பவர்களுக்குச் சொல்லவே மாட்டோம்.

மாஜரீன் வாங்குபவர்கள் லேபிளைப் பாருங்கள். பாணுக்குப் பூசுவதற்கென்று டப்பாவில் வரும் இளகிய வகைகளில் பலவற்றில் ‘ஃபாட் ஸ்ப்ரெட்’ என்று போட்டிருக்கும். கொழுப்பு 80 வீதத்துக்குக் குறைவு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதில் ஓடு பிசுபிசுத்து, வெந்ததும் கடினமாகும். கட்டியாக வரும் பேக்கிங் மாஜரீன் வேறு. பட்டரைவிடக் கூடிய சூட்டில்தான் உருகும், அதனால் வெக்கையில் உருட்டச் சுலபம். பேக்கரிக்காரர் பற்றிசுக்குப் பாவிக்கும் பேஸ்ட்ரி மாஜரீன் இன்னும் உறுதி. இதழ் அழகாகப் பிரியும், ஆனால் வாயின் சூட்டில் முழுதாக உருகாமல் அண்ணத்தில் மெழுகுப் படலம்போல் நிற்கும். இடைவழி ஒன்று உண்டு: பட்டர் 120 கிராம், கட்டி மாஜரீன் 80 கிராம். ருசி பெரிதாகக் குறையாது, உருட்டப் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

தேங்காயெண்ணெய் 24, 25 பாகையில் உருகும். இங்கே போத்தலில் அது தண்ணியாகத்தான் இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் கல்லாக இறுகி, தேய்க்கும்போது கையில் உடனே உருகிவிடும். பட்டருக்குப் பதிலாக அதே முறையில் போட்டால் கட்டாயம் ஏமாற்றம். அதைத் திரவமாகவே ஏற்றுக்கொண்டு செய்யும் ஓடு ஒன்று இருக்கிறது: மா 200 கிராம், எண்ணெய் 110 மில்லிலீற்றர், பால் 35 மில்லிலீற்றர், சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து நேரே தட்டில் போட்டு விரலால் அழுத்திப் பரப்ப வேண்டும். உருட்டும் வேலையே இல்லை. இதழ் வராது, பிஸ்கற்போல் நொறுங்கும். அடி ஓடு மட்டும் தேவைப்படும் பூசணிப் பைக்கு இது போதும்.

நெய்யில் தண்ணீர் இல்லை, முழுக்கக் கொழுப்பு. ஆகவே பட்டர் 200 கிராம் என்றால் நெய் 160. வாசம் அபாரம், ஓடு மட்டும் உதிரி உதிரியாக வரும். மேலே தூவும் நொறுவலுக்கு நெய்யை வைத்துக்கொள்ளலாம், ஓட்டுக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

கடைசியாக இருப்பதுதான் இந்த ஊருக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் அதிகம் பேர் யோசிப்பதில்லை: கொதிநீர் ஓடு. இங்கிலாந்தில் இறைச்சிப் பைகளுக்குப் பன்றிக் கொழுப்பில் செய்த பழைய முறை இது. பன்றிக் கொழுப்புத்தான் வேண்டும் என்றில்லை. மாஜரீன் அல்லது நெய் 125 கிராம், தண்ணீர் 160 மில்லிலீற்றர், உப்பு 1 தேக்கரண்டி மூன்றையும் கொதிக்கவைத்து, 375 கிராம் மாவில் ஊற்றி அகப்பையால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு நிமிடம் மட்டும் குழைக்க வேண்டும். இடியப்பத்துக்குக் கொதிநீரில் மா குழைக்கும் வீட்டில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இளஞ்சூட்டிலேயே, 20 முதல் 30 நிமிடத்துக்குள், உருட்டித் தட்டில் பரப்பிவிட வேண்டும், ஆறினால் வெடிக்கும். வெக்கை இதற்கு உதவி, எதிரியல்ல. கச்சான் நாட்களில் காற்று மாவை வறட்டும், அதனால் உருட்டாத பாதியை ஈரத்துணியால் மூடி வையுங்கள். தேங்காயெண்ணெயிலும் செய்யலாம். ஆனால் இந்த ஊர் வெப்பத்தில் அது இறுகாது, விளிம்பு மடிப்புகள் சற்றுத் தொய்யும். மாஜரீனில் அந்தக் குறை இல்லை.

இந்த ஓடு இதழாகப் பிரியாது. உறுதியாக, கொஞ்சம் மொறுமொறுப்பாக, சாற்றைத் தாங்கி நிற்கும். பட்டர் பையின் மென்மையை எதிர்பார்த்தால் இது ஏமாற்றும். உடையாமல், ஒழுகாமல், முதல் தடவையிலேயே ஒப்பேறும் ஒன்று வேண்டுமென்றால் இதைவிட நல்லது இல்லை.

மாவைப் பற்றி ஒன்றுதான். சீனக்குடாவில் பெரிய மா ஆலையே இருக்கும் ஊரில் கோதுமை மாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாணுக்கென்று விற்கும் மாவை எடுக்காதீர்கள், அதன் இழுவை கூட. சாதாரண மாவும் இழுபடுவதாகத் தோன்றினால் 300 கிராமில் 40 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு சோளமா (கோர்ன்ஃபிளவர்) சேர்த்து இரண்டு தடவை அரியுங்கள்.

எந்த அடுப்பு

மேசை ஓவன் வீட்டில் இருந்தால் தெரிவு சுலபம். 30 லீற்றருக்கு மேற்பட்டது, அடியிலும் மேலும் தனித்தனிச் சூட்டுக்கம்பி உள்ளது நல்லது. 1500, 2000 வாற்று ஓவனில் ஒரு பை சுட, முன்சூடும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் போகும். பெரும்பாலும் பிழைப்பது முன்சூட்டில். சிறு ஓவனின் சிவப்பு விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், ஆனால் சுவரும் தட்டும் அப்போதும் சூடேறியிருக்காது. 25 நிமிடம் விடுங்கள். ஓவனோடு வந்த இரும்புத் தட்டைக் கவிழ்த்துக் கீழ்த்தட்டில் வைத்து அதையும் சேர்த்துச் சூடாக்கி, பையை அதன்மேல் வையுங்கள். அடி வேகாமல் போகும் குறையில் பெரும்பகுதி இதிலேயே தீரும்.

முதல் 20 நிமிடம் 220 பாகை. பிறகு 185 பாகைக்கு இறக்கி 35 முதல் 45 நிமிடம். சிறு ஓவனில் மேல்கம்பி பையின் தலைக்கு மிக அருகில் இருக்கும், அதனால் 25ஆவது நிமிடத்துக்குள் மேல் சிவந்துவிடும். உடனே அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். பயந்து வெளியே எடுத்துவிடாதீர்கள். உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது.

கேஸ் அடுப்பும் சட்டியும் இரண்டாவது வழி. பாரமான அகலச் சட்டியில் ஓர் அங்குலத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் கம்பி வளையம் வைத்து, மூடி 15 நிமிடம் நடுத்தீயில் சூடாக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு அலுமினியச் சட்டியின் அடியை அரிக்கும். ஆற்று மணலைக் கழுவி நன்றாகக் காயவைத்துப் பாவியுங்கள். நொன்ஸ்டிக் சட்டியை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது, வெறுஞ்சூட்டில் பூச்சு கெட்டுவிடும். தட்டுக்கும் சட்டிச் சுவருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும், ஆகவே பை 18 சென்ரிமீற்றருக்கு மேல் போகாது. மாவும் பழமும் மேலே சொன்ன அளவில் பாதிக்குச் சற்று மேல்.

சட்டியில் அடி அருமையாக வேகும், மேல் வெளுத்தே நிற்கும். மூடியில் நீராவி படிந்து சொட்டி ஓட்டை ஈரமாக்குவது இன்னொரு குறை. பழைய காலத்து அப்பச் சட்டிக்கு மேலே தணல் வைத்த வழிதான் இரண்டுக்கும் மருந்து: தட்டையான இரும்பு மூடியின் மேல் சிரட்டைத் தணல். சூடு மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு என்று இருந்தால் பை சிவக்கும். மூடி சூடாக இருப்பதால் நீரும் சொட்டாது. தணலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இதை முற்றத்தில் மட்டும் செய்யுங்கள். பூட்டிய குசினிக்குள் தணலின் நச்சுப்புகை உயிருக்கே ஆபத்து. தணல் தோதுப்படாது என்றால் மேல் ஓட்டையே விட்டுவிட்டு, அடி ஓடும் பழமும் மட்டும் சட்டியில் சுட்டு, தனியாகத் தாச்சியில் வறுத்த நெய் நொறுவலைப் பரிமாறும்போது தூவலாம்: மா 80 கிராம், சீனி 50, நெய் 50, உடைத்த கஜு ஒரு பிடி. வெளுத்த மேல் ஓட்டைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழி பேக்கரிப் போறணை. பாண் இறக்கியபின் விறகுப் போறணையில் சூடு மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்; பைக்கு வேண்டியதும் அதே, முதலில் கூடிய சூடு, பிறகு தணிந்த சூடு. செங்கல் தரை கொடுக்கும் அடிவேக்காட்டை எந்த வீட்டு ஓவனும் கொடுக்காது. தெரிந்த பேக்கரிக்காரர் சம்மதித்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது. குறை, நேரம் உங்கள் கையில் இல்லை, இடையில் திறந்து பார்க்கவும் முடியாது. இன்னொன்றும் உண்டு: உப்புவெளியிலிருந்து டவுனுக்கு ஓட்டோவில் பட்டர் பையைக் கொண்டுபோனால் வழியிலேயே ஓடு தொய்ந்துவிடும். போறணைக்கு என்று முடிவெடுத்தால் ஓடு கொதிநீர் ஓடாகவோ மாஜரீன் ஓடாகவோ இருக்கட்டும்.

தட்டு: மெல்லிய அலுமினியத் தட்டு மலிவு, சூட்டை விரைவாகக் கடத்தும், புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே போதும். கண்ணாடித் தட்டில் அடி சிவந்ததா என்று தூக்கிப் பார்க்கலாம். ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கொதிக்கும் ஓவனில் வைத்தால் வெடிக்கும். மண்சட்டி அழகாக இருக்கும், அடி வேகப் பதினைந்து நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

எந்தப் பழம்

சித்திரை முதல் ஆடிவரை மாங்காய்க் காலத்தில் வேறு பழம் தேட வேண்டியதில்லை. பழுத்த மாம்பழம் பைக்கு உதவாது, சூட்டில் கூழாகிவிடும். முழுக் காயும் வேண்டாம், புளிப்பை அடக்கப் போடும் சீனியே பையைப் பாகாக்கிவிடும். செங்காய்தான் பதம்: தோல் பச்சை, உள்ளே மஞ்சள் படரத் தொடங்கியிருக்கும், அழுத்தினால் அமுங்காது. வேகும்போது அப்பிளைப்போல் துண்டாகவே நின்று, உள்ளே மட்டும் மெதுவாகும். நாரில்லாத இனமாகப் பார்த்து ஒன்றேகால் கிலோ வாங்கினால் தோலும் கொட்டையும் போக 800 கிராமுக்குக் கிட்ட வரும்.

அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் சீவி, சீனி 150 கிராம் (புளிப்புக் கூடினால் 180), கறுவாத்தூள் 1 தேக்கரண்டி, இடித்த கராம்பு இரண்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசிறி அரை மணி நேரம் விடுங்கள். சாறு ஊறி இறங்கும். அதை வடித்து, 3 மேசைக்கரண்டி சோளமாவோடு கரைத்துச் சிறுதீயில் கண்ணாடிபோல் தடிக்கும்வரை கிளறி, ஆறவிட்டுத் துண்டுகளோடு சேருங்கள். பலர் இந்தப் படியை விட்டுவிட்டுப் பச்சையாகவே நிரப்புகிறார்கள். அப்போது இரண்டு கெடுதல் வரும்: சாறு அடி ஓட்டில் இறங்கி ஊறவைக்கும், துண்டுகள் வெந்து சுருங்கியதும் மேல் ஓட்டுக்கும் பழத்துக்கும் நடுவில் வெறும் குகை நிற்கும். வெள்ளைச் சீனியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகத் துருவிய பனங்கட்டி போட்டால் நிறமும் வாசமும் வேறு தரத்துக்குப் போகும். முழுக்கப் பனங்கட்டி போட்டால் மாங்காய் மறைந்துவிடும்.

அப்பிள் எல்லாக் காலத்திலும் கிடைக்கும், இறக்குமதி என்பதால் விலை அதிகம். கடைகளில் பெரும்பாலும் காணப்படும் சிவப்பு இனங்கள் பச்சையாகச் சாப்பிடத்தான் நல்லது. புளிப்புக் குறைவு, வெந்தால் மாவாகக் கரையும். பச்சை அப்பிள் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் சிவப்பைச் சற்றுத் தடிப்பாக, ஒரு சென்ரிமீற்றருக்கு வெட்டி, ஒரு கிலோவுக்கு ஒன்றரைத் தேசிக்காயின் சாறு சேர்த்து, சீனியை 100 கிராமுக்கு மேல் போடாமல் செய்யலாம். மாங்காய்க் காலத்தில் அப்பிள் வாங்கிப் பை சுடுவது வீண் செலவு என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

அன்னாசி வருடம் முழுக்க நம்பத்தக்கது, ஆனால் தண்ணீர் நிறைய. பெரிய பழம் ஒன்றைப் பொடியாக வெட்டி (700 கிராம் சதை), சீனி 100 கிராமோடு அகலத் தாச்சியில் 12 நிமிடம் சாறு வற்றக் காய்ச்சி, 2 மேசைக்கரண்டி சோளமாவைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். சோளமா இல்லாத நேரம் கஸ்டர்ட் பவுடர் போடலாம், அதில் பெரும்பகுதி சோளமாதான். அன்னாசிக்கு மேல் ஓட்டை முழுதாக மூடாமல் பட்டை பட்டையாகப் பின்னினால் ஆவி தாராளமாக வெளியேறும்.

பூசணிப் பைக்கு மேல் ஓடு கிடையாது, அதனால் சட்டியில் சுடுபவர்களுக்கும் ஏற்றது. பூசணியைத் தண்ணீரில் அவிக்காதீர்கள். நீராவியில் அவித்து, மசித்து, துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் தேவையற்ற நீர் இறங்கிவிடும். மசியல் 425 கிராம், டின்பால் ஒரு சிறிய டின் (390 கிராம் அளவு), முட்டை 2, கறுவாத்தூள் 1 தேக்கரண்டி, இஞ்சித்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் ஒரு சிட்டிகை. 220 பாகையில் 15 நிமிடம், 180 பாகையில் 35 முதல் 40 நிமிடம். ஓரம் இறுகி, நடு மட்டும் தட்டை ஆட்டினால் லேசாக அசையும்போதே எடுத்துவிடுங்கள். நடுவும் இறுகும்வரை விட்டால் ஆறும்போது வெடிப்பு விழும். வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் புதிதல்ல.

பப்பாக்காயைத் தேசிக்காயும் கறுவாவும் போட்டு அப்பிளாக ஒப்பேற்றலாம். அப்பிளை மறந்தவர்களுக்குத்தான் பிடிக்கும். விளாம்பழத்தில் ஜாமே செய்யுங்கள்.

இனிப்பு வேண்டாம் என்னும் வீட்டில், கடலூர் என்பதால், மீன் பைக்கும் இடமுண்டு. முள் நீக்கிய அறக்குளா அல்லது சூரை அரைக் கிலோ, அவித்த உருளைக்கிழங்கு கால் கிலோ, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு, தேசிக்காய் சேர்த்துப் பற்றிசுக்குச் செய்வதுபோல் ஈரமில்லாமல் பிரட்டி ஆறவைத்து, கொதிநீர் ஓட்டில் நிரப்பி 200 பாகையில் 45 நிமிடம்.

எந்த வீட்டுக்கு எது

ஓவனும் ஃப்ரீசரில் இடமும் இருந்து, விடிய எழும்ப மனமும் இருந்தால் பட்டர் 120, மாஜரீன் 80 கலந்த ஓட்டில் செங்காய் மாங்காய். இந்த ஊரில் சுடக்கூடிய பைகளில் இதற்கு முதலிடம் கொடுப்போம். கேஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டுக்கு எண்ணெய் ஓட்டில் பூசணி, அல்லது கொதிநீர் ஓட்டில் அன்னாசியும் மேலே கஜு நொறுவலும். இருபது பேர் கூடும் நாளென்றால் கொதிநீர் ஓட்டில் மூன்று தட்டு அடுக்கிப் போறணைக்கு அனுப்புவதே புத்தி. வீட்டு ஓவனில் ஒவ்வொன்றாகச் சுட்டால் அரை நாள் போய்விடும். முட்டை சேர்க்காத வீட்டில் மேல் ஓட்டின் மினுக்கத்துக்கு முட்டைக்குப் பதிலாகக் கெட்டியாகக் கரைத்த பால்மாவில் கொஞ்சம் சீனி சேர்த்துப் பூசுங்கள், நன்றாகவே சிவக்கும்.

சுடும்போதும் சுட்ட பிறகும்

நிரப்பும் பழம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடான பழத்தைக் கொட்டினால் அடியில் உள்ள பட்டர் அங்கேயே உருகி, ஓடு வேகுமுன் ஊறிவிடும். மாவைத் தட்டுக்குள் இழுத்து நீட்டாதீர்கள். தூக்கி மெதுவாக மூலைக்குள் இறக்குங்கள். இழுத்த மா சூட்டில் திரும்பச் சுருங்கி விளிம்பிலிருந்து வழுகும். மேல் ஓட்டில் கத்தியால் நான்கைந்து கீறல் போடுங்கள். முழுப் பையையும் சுடுமுன் 20 நிமிடம் பிரிட்ஜில் வைப்பது, பட்டர் ஓட்டுக்கு மட்டும், கட்டாயம். கண்ணாடித் தட்டில் இதைச் செய்யாதீர்கள்.

வெந்ததா என்பதை நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. நடுக்கீறலில் சாறு தண்ணியாக இல்லாமல் தடித்த குமிழாக, சோம்பலாகக் கொதிக்க வேண்டும். சோளமா இறுகுவது கொதிநிலைக்குக் கிட்டத்தான். ஓரத்தில் மட்டும் குமிழ் வந்ததும் இறக்கினால் வெட்டும்போது நடு ஒழுகும். நன்றாக வெந்த பையும் சூட்டோடு வெட்டினால் ஒழுகத்தான் செய்யும். பழப் பை ஆறி இறுக மூன்று மணி நேரமாவது வேண்டும். பிள்ளைகள் அதுவரை பொறுக்கமாட்டார்கள் என்றால் மிஞ்சிய மாத் துண்டுகளில் சீனியும் கறுவாவும் தூவி, பை வேகும்போதே ஓவன் ஓரத்தில் பத்து நிமிடம் சுட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஆறவைக்கும்போது கீழே காற்றுப் போகக் கம்பித் தட்டில் வையுங்கள். கல்மேசையில் வைத்தால் ஆவி திரும்ப அடி ஓட்டிலேயே படியும். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் கம்பித் தட்டு. மூடுவதற்கு மெல்லிய துணி போதும், சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மொறுமொறுப்புப் போய்விடும். மாங்காய், அப்பிள், அன்னாசிப் பைகள் அன்று முழுக்க வெளியே நிற்கும், மறுநாளைக்குப் பிரிட்ஜ், அதில் மூன்று நாள். பூசணிப் பையும் மீன் பையும் அப்படியல்ல. முட்டை, பால், மீன் உள்ளவை இந்த வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. பிரிட்ஜில் இளகிய ஓட்டை மீண்டும் மொறுமொறுப்பாக்க ஓவனில் 170 பாகையில் 12 நிமிடம், அல்லது பாரமான தாச்சியில் சிறுதீயில் மூடாமல் பத்து நிமிடம் வைத்தால் சரி. மைக்ரோவேவில் வைத்தால் ஓடு சவ்வாக இழுபடும்.